சருகுச் சாக்கை யாரிடம் ஒப்படைப்பது?

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரு மாமரமும் ஒரு வேம்பும் இரண்டு தென்னையும் இருக்கின்றன. அன்றாடம் பெருக்கிச் சேரும் சருகைச் சாக்கில் கட்டி வாசலில் வைத்தால், காலையில் வரும் தூய்மைப் பணியாளர் சமையலறைக் குப்பையை மட்டும் வாங்கிக்கொண்டு சாக்கைத் தொடாமல் சென்றுவிடுகிறார். வரி கட்டுகிற எங்களுக்கு இது நியாயமா?
– புறநகர் வாசகி ஒருவர்

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. தெரு முழுவதற்குமான சமையலறைக் கழிவை ஏற்ற வேண்டிய பேட்டரி வண்டியில், எடை குறைவாக இருந்தும் இடத்தை அடைத்துக்கொள்ளும் சருகுச் சாக்குகள் இரண்டு ஏறிவிட்டால், பாதித் தெருவிலேயே வண்டி நிரம்பிவிடும். தோட்டக் கழிவை வீட்டு வளாகத்திற்குள் தனியே சேர்த்து வைத்து, உள்ளாட்சி அமைப்பு சொல்லும் முறைப்படி ஒப்படைக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே கூறப்பட்டது. அக்கழிவைத் தனியாகச் சேகரிக்கும் கடமை உள்ளாட்சி அமைப்புக்கும் அதே விதிகளில் சுமத்தப்பட்டது. ஆகவே பணியாளரிடம் வாதாடாமல், தோட்டக் கழிவுக்கு எந்த நாளில் வண்டி வரும் என்று உங்கள் வார்டின் சுகாதார ஆய்வாளரிடம் கேளுங்கள்; சென்னை மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவர்கள் 1913 என்ற எண்ணில் கேட்கலாம். கிளைகளைக் கையளவு நீளத்திற்கு நறுக்கிக் கயிற்றால் கற்றைகளாகக் கட்டி வைத்தால் ஏற்றுவது எளிது. பால் உறையும் பிளாஸ்டிக் பையும் கலந்த சருகு உரத்துக்கு உதவாது என்பதால், பெருக்கும்போதே அவற்றைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மரமிருக்கும் அளவுக்கு இடம் உள்ள வீட்டிலிருந்து சருகு வெளியே போக வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை. மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரத்தில் காற்று புகும்படி செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி, மூன்று பங்கு சருகுக்கு ஒரு பங்கு காய்கறிக் கழிவு அல்லது பச்சைத் தழை என்ற அளவில் அடுக்கடுக்காகப் போட்டு, இடையிடையே சாணக் கரைசலோ புளித்த மோரோ தெளித்து வந்தால் போதும். பிழிந்த துணியின் ஈரம் எப்போதும் இருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிளறிவிட்டால், நான்கைந்து மாதத்தில் மண்வாசனையுள்ள கரிய உரம் கிடைக்கும். நாற்றம் வந்தால் பச்சைக் கழிவோ ஈரமோ மிகுந்துவிட்டது என்று பொருள், சருகைக் கூட்டுங்கள். எந்த மாற்றமும் தெரியாவிட்டால் ஈரம் போதவில்லை. மாவிலை தடிப்பானது, மக்க நாளாகும் என்பதால் நொறுக்கிப் போடுவது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் குவியல் ஊறிப்போகாதபடி மேலே தென்னங்கீற்று போட்டு மூடிவிடுங்கள். பூத்து விதை பிடித்த பார்த்தீனியக் களைச்செடியை மட்டும் இதில் சேர்க்காதீர்கள், உரத்தோடு அதன் விதையும் தோட்டமெங்கும் பரவிவிடும். இவ்வளவுக்கும் பொறுமை இல்லாதவர்கள் சருகைச் செடியின் அடியில் நான்கு விரற்கடை கனத்துக்கு மூடாக்காகப் பரப்பினாலும் கோடையில் தண்ணீர் மிச்சமாகும்.

கேள்வி: பக்கத்து வீட்டுப் பெரியவர் மாலைதோறும் சருகைக் கொளுத்துகிறார். கேட்டால், "கொசு போகும், சாம்பல் செடிக்கு உரம்" என்கிறார்.
– ஆஸ்துமா உள்ள வாசகர்

பதில்: சாம்பலில் சாம்பல் சத்து எனப்படும் பொட்டாசியமும் சுண்ணாம்பும் இருப்பது உண்மைதான். ஆனால் மண்ணை வளமாக்கும் கரிமப் பொருளும் தழைச்சத்தும் பெரும்பாலும் புகையோடு போய்விடுகின்றன. முழுச் சருகையும் கொடுத்துவிட்டு ஒரு பிடிச் சாம்பலை வாங்கிக்கொள்ளும் வியாபாரம் அது. மாலையிலும் மார்கழி விடியலிலும் குளிர்ந்த காற்று தரையோடு தேங்கி நிற்பதால் புகை மேலே எழாமல், உங்களைப் போன்றோரின் சன்னலுக்குள்தான் நுழையும். சருகோடு பிளாஸ்டிக்கும் எரிந்தால் கேடு இன்னும் பெரிது. திறந்தவெளியில் குப்பை எரிப்போருக்கு 5,000 ரூபாயும், பெருமளவில் எரிப்போருக்கு 25,000 ரூபாயும் சுற்றுச்சூழல் இழப்பீடாக விதிக்கத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. எனினும் எடுத்த எடுப்பில் புகார் எழுதாமல், முதலில் அவருடைய சருகை உங்கள் உரக்குழிக்குக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

கேள்வி: தென்னை மட்டையை என்ன செய்வது? உரக்குழியில் மக்கவே மாட்டேன் என்கிறது.

பதில்: முழுதாகப் போட்டால் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஈர்க்கை உருவிச் சீமாறுக்கு எடுத்துக்கொண்டு, கீற்றை நறுக்கி மூடாக்காக இடுங்கள். அடிமட்டையையும் பாளையையும் விறகு அடுப்பு வைத்திருப்போர் வாங்கிச் செல்வார்கள். இல்லையேல் தோட்டக் கழிவு வண்டியில் கொடுத்துவிடலாம். மழைக்காலத்தில் கொட்டாங்குச்சியும் குழிந்த பாளையும் மல்லாந்து கிடந்தால் நீர் தேங்கி டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும் என்பதால், வண்டி வரும்வரை அவற்றைக் கவிழ்த்தே வையுங்கள்.