சரியாகச் செய்வதில் என்ன தப்பு?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 16 வருடமாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். என் கை பட்ட கணக்கில் தப்பு வராது என்று முதலாளியே சொல்வார். அதனால்தான் போன வருடம் பிரிவுக்கே பொறுப்பாளர் ஆக்கினார். எனக்குக் கீழே நான்கு பேர். அவர்கள் போடும் ஒவ்வொரு பில்லையும் நான் திரும்பப் பார்த்தால்தான் மனசு ஆறுகிறது. வீட்டுக்குப் போக இரவு ஒன்பதரை ஆகிறது. நன்றாக வேலை செய்த ஒரு பெண், "இங்கே கத்துக்க எதுவும் இல்லை மேடம்" என்று நோட்டீஸ் கொடுத்துவிட்டார். என்னைப் பழைய வேலைக்கே மாற்றச் சொல்லிக் கேட்டுவிடலாமா?
- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: கேட்கலாம், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் அந்தப் பெண் சொன்னதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

டீ-சர்ட்டுக்கு 6109 என்று எச்எஸ்என் கோடு (சரக்கு வகையைக் குறிக்கும் எண்) போட வேண்டிய இடத்தில் ஒருவர் ஸ்வெட்டருக்கான 6110-ஐப் போட்டுவிடுகிறார் என்று வையுங்கள். இரவு எட்டு மணிக்கு நீங்கள் அதைப் பிடித்து, டேலி கணக்கு மென்பொருளில் மாற்றிவிட்டுக் கிளம்புகிறீர்கள். தான் தப்பாகப் போட்டதே மறுநாள் அவருக்குத் தெரியாது. அடுத்த மாதமும் அதையேதான் போடுவார். "மேடம் பார்த்துக்குவாங்க" என்கிற தைரியம் வேறு இருக்கிறதே! இத்தனை வருடம் உங்களுக்குச் சோறு போட்ட கண்தான், இப்போது மற்ற நான்கு பேரையும் கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்ய வைக்கிறது.

அதற்காக, "கொஞ்சம் விட்டுப் பிடியுங்கள்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல மாட்டேன். கணக்கில் விட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். எந்தத் தப்பைத் திருத்த வழி இருக்கிறது, எதற்கு இல்லை என்று பிரித்துக்கொள்ளுங்கள். 11ஆம் தேதிக்குள் போடும் விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1-இல் ஒரு பில் விட்டுப்போனால், வரி கட்டுகிற ரிட்டர்னான 3பி போடுவதற்குள் 1ஏ என்கிற திருத்தப் படிவத்தில் சேர்த்துவிடலாம். 2024 ஆகஸ்டிலிருந்து அந்த வசதி இருக்கிறது. அதையும் தவறவிட்டால் அடுத்த மாத ரிட்டர்ன் இருக்கவே இருக்கிறது. 3பி அப்படி இல்லை. ஃபைல் செய்தால் செய்ததுதான். பிறகு வரும் மாதத்தில்தான் சரிக்கட்ட வேண்டும், வரி குறைந்திருந்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. ஆகவே 3பியையும் டிடிஎஸ்ஸையும் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கிற வரி) உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். யார் சொன்னாலும் விடாதீர்கள்.

கொள்முதல் என்ட்ரி, பெட்டி கேஷ், ஜாப் ஒர்க் சலான் எல்லாம் அவர்கள் பாடு. ஒருவர் போட்டதை இன்னொருவர் பார்க்கட்டும். உங்கள் கண்ணில் ஏதாவது பட்டால் பென்சிலால் சுழித்து, போட்டவர் மேசையிலேயே வைத்துவிடுங்கள். என்ன தப்பு என்றுகூட எழுத வேண்டாம். உங்களுக்குப் பத்து நிமிட வேலை, அவர்களுக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆகட்டும். மார்ச்சில் மட்டும் இதை ஆரம்பித்துவிடாதீர்கள். ஆண்டுக் கணக்கு முடிக்கிற நேரத்தில் யாருக்கும் பொறுமை இருக்காது.

முதலாளியிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். இரண்டு மூன்று மாதம் சின்னச் சின்னத் தப்புகள் வரும், 3பி போவதற்குள் பிடித்துவிடுவோம் என்று நீங்களே சொல்லிவிட்டால், பெயர் கெட்டுவிடுமோ என்கிற பயம் பாதி குறையும். (அந்தப் பயத்தை நீங்கள் ஓரிடத்திலும் எழுதவில்லை. ஆனால் கடிதம் முழுக்க அதுதான் இருக்கிறது.) அப்புறமும் ராத்திரி ஒன்பதரைதான் என்றால், தாராளமாகப் பழைய நாற்காலியைக் கேளுங்கள்.

நோட்டீஸ் கொடுத்த பெண்ணை இந்த வாரமே கூப்பிட்டுப் பேசுங்கள். சம்பளப் பேச்சை எடுக்காதீர்கள், அவர் கேட்டது அது இல்லை. 14ஆம் தேதி சப்ளையர்கள் ஏற்றிய பில்களின் பட்டியலான 2பி வந்ததும் கொள்முதல் கணக்கோடு ஒப்பிட்டு, எந்த சப்ளையர் பில் ஏற்றவில்லை என்று தேடிப் பிடிக்கிற வேலை இருக்கிறதே, அதை அவரிடம் கொடுங்கள். உங்களுக்கு மிகவும் பிடித்த வேலையே அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.