குண்டு விழுந்த தூரம்

அன்புள்ள ஐயா,

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்து வளர்ந்தவள். ஏழு ஆண்டுகளாகப் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். சென்ற மாதம் விடுமுறைக்கு வந்தபோது, தோழியோடு சேர்ந்து ஒரு நாள் முழுவதும் வெளியூர்ப் பயணியைப் போல நடித்துப் பார்த்தேன். தலையில் தொப்பி, கழுத்தில் கேமரா, ஆட்டோக்காரரிடம் ஆங்கிலம். தேவனாம்பட்டினம் கடற்கரை, கோட்டையின் மிச்சம், பாடலீஸ்வரர் கோயில், திருவந்திபுரம் எல்லாம் சுற்றினோம். மாலையில் கெடிலம் பாலத்தில் நின்றபோது, இந்த ஆற்றை இதுவரை நான் பார்த்ததே இல்லை என்று தோன்றியது. அம்மாவோ, "சொந்த ஊரில் என்ன வேஷம்?" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சொந்த ஊரை அந்நியரைப் போலப் பார்ப்பது தவறா? இதைப் பயணக் கட்டுரையாக எழுதலாமா?

வி., பெங்களூர்

அன்புள்ள வி.,

கட்டுரையைத் தாராளமாக எழுதுங்கள். தொப்பியைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை; அந்த வெயிலில் தலையில் ஒரு துண்டுகூட இல்லாமல் தேவனாம்பட்டினத்துக்குப் போகிறவர்தான் வேடிக்கையானவர். அம்மாவின் கோபம் உங்கள் வீட்டு விஷயம், மூன்றாம் நாள் பேசியிருப்பார். கெடிலத்தைப் பற்றி எழுதியிருந்த வரியை மட்டும் இரண்டு முறை படித்தேன். பாலத்தின் மேல் நிற்க ஊர்க்காரனுக்குப் பொழுது வாய்ப்பதில்லை. வாய்த்தாலும் பின்னால் வருகிற பஸ் நிற்க விடுவதில்லை. உங்களுக்கு அது வாய்த்ததில் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

ஆனால் ஆட்டோக்காரரிடம் ஆங்கிலத்தில் பேசினீர்களே, அதை என்னால் அவ்வளவு எளிதாக விட முடியவில்லை. ஏனென்றால் அதே குற்றத்தை நானும் செய்திருக்கிறேன். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று சில மாதங்களாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

1986ஆம் ஆண்டு, வடக்கே வேலைக்குப் போய் மூன்று வருடம் கழித்து, மீட்டர் கேஜ் ரயிலில் வந்து திருப்பாப்புலியூரில் விடியற்காலை இறங்கினேன். (திருப்பாதிரிப்புலியூர் என்று முழுதாகச் சொல்லுகிறவரை அன்று நாங்கள் வெளியூர்க்காரர் என்றே வைத்துக்கொள்வோம்.) என் பெட்டியையும் பூட்ஸையும் பார்த்த சைக்கிள் ரிக்‌ஷாக்காரர், "ஊருக்குப் புதுசா சார்?" என்று கேட்டார். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, "ஆமாம்" என்றேன். அவர் மகிழ்ந்து போய், கெடிலத்தைத் தாண்டியதும் ஊரைக் காட்டத் தொடங்கிவிட்டார். தேவனாம்பட்டினம் கோட்டையிலிருந்து புதுச்சேரி வரைக்கும் பூமிக்கடியில் சுரங்கம் இருப்பதாகவும், அதற்குள்ளே கிளைவ் துரை குதிரையிலேயே போய் வந்ததாகவும் சொன்னார். அந்த இடிபாட்டில் ஐந்தாறு கோடை விடுமுறைகள் முழங்கால் தேய விளையாடியவன் நான். அங்கே பாம்புப் புற்றுக்கு மேல் ஆழமான எதையும் கண்டதில்லை. ஆனால் வாயைத் திறக்க முடியவில்லை. ஊருக்குப் புதியவன் எந்த உரிமையில் மறுப்பான்?

செம்மண்டலம் பக்கம் வந்தபோது, கேட்டுத்தான் பார்ப்போமே என்று, குண்டு சாலைக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டேன். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. "குண்டும் குழியுமா இருக்கறதால சார்" என்றார். அதை நான் நம்பினேன், வி. அந்தச் சாலையில் பத்தொன்பது வருடம் நடந்தவன், அதுவரை அந்தப் பெயரைப் பற்றி யோசித்ததே இல்லை.

உண்மை வெகுநாள் கழித்து, பழைய மாவட்டக் கெசட்டியரைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. 1690இல் ஆங்கிலேயக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையைச் செஞ்சியில் இருந்த மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையோடு சேர்ந்து எவ்வளவு நிலம் என்பதற்கு வேலியும் இல்லை, எல்லைக்கல்லும் இல்லை. கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு எதுவரை போய் விழுகிறதோ அதுவரை உள்ளதெல்லாம் வாங்கியவருக்கு என்பதுதான் பேச்சு. அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல், அமெரிக்காவில் பல்கலைக்கழகம் ஒன்றுக்குத் தம் பெயரைத் தந்த அதே மனிதர். அவ்வாண்டு செப்டம்பரில் திசைக்கொன்றாகச் சுட்டார்கள். கடலூர் நகரமும் சுற்றியிருந்த கிராமங்களும் அப்படியே கைமாறின. அந்தக் கிராமங்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் நின்றுவிட்டது. குண்டு உப்பலவாடிக்காரர் இன்றும் தம் ஊர்ப் பெயரில் அந்தக் குண்டைச் சுமந்துகொண்டிருக்கிறார். பக்கத்து ஊர்க்காரர் அது அவர்கள் உடம்பைப் பற்றியது என்று கேலி செய்கிறார். அந்தக் கோட்டையை 1758இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து இடித்துவிட்டார்கள். நீங்கள் படம் எடுத்துக்கொண்டு வந்த செங்கல் அதனுடைய மிச்சம்தான். நம் ஊருக்கு அந்நியர் கடல் வழியாக வருவது புதிதல்ல. கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர் வந்து ஒதுங்கிய இடம் கரையேறவிட்ட குப்பம் என்று பெயர் பெற்றது. குண்டோடு வந்தவர்கள் விட்டுப்போனது குண்டு கிராமங்கள்.

இப்போது நான் எதற்காகக் கோபிக்கிறேன் என்று உங்களுக்குப் புரியும். அந்நியனாக நடித்ததால்தான் எனக்கு அந்தக் கேள்வியே வாயில் வந்தது. ஊர்க்காரனாகப் போயிருந்தால், கேட்பதற்கு வெட்கப்பட்டிருப்பேன். அந்த அளவுக்கு உங்கள் விளையாட்டை நான் பாராட்டுகிறேன். ஆனால் நீங்கள் என்னைவிட ஒரு படி கீழே இறங்கிவிட்டீர்கள். நான் பொய் சொன்னாலும் தமிழில் சொன்னேன். அதனால் அந்த மனிதர் வாய் ஓயாமல் பேசினார், பாதி புளுகாக இருந்தாலும் பேசினார். உங்கள் ஆட்டோக்காரரோ ஆங்கிலத்துக்குப் பயந்து, நாலு இடத்துப் பெயரையும் வாடகையையும் தவிர வேறெதுவும் சொல்லியிருக்க மாட்டார். உங்கள் கடிதத்தில் ஆறு இருக்கிறது, கோயில் இருக்கிறது, அவர் சொன்ன ஒரு சொல்கூட இல்லை.

அன்று என் வீட்டு வாசலில் இறங்கியபோது, அம்மா கதவைத் திறந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ரிக்‌ஷாக்காரர் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். ஆறு ரூபாய் ஆகிற தூரத்துக்குப் பதினைந்து கேட்க நினைத்திருந்தவர், கொடுத்ததை எண்ணாமல் வாங்கிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் வண்டியைத் திருப்பினார். சுரங்கம் பொய் என்று அப்போதாவது நான் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கலாம்.

அடுத்த விடுமுறையில் அதே தொப்பியோடு போங்கள். ஆட்டோவில் ஏறியதும் தமிழில், குண்டு சாலைக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேளுங்கள். அவர் பள்ளத்தைக் காட்டினால், 1690ஐச் சொல்லுங்கள். அவர் நம்ப மாட்டார். இறங்குகிற வரைக்கும் விவாதம் செய்யுங்கள், வாடகையில் மட்டும் பேரம் வேண்டாம்.