வேட்டைக்குப் போன இடத்தில் அரிய விலங்கு எதையாவது எதிர்பாராமல் பார்த்ததுண்டா? அப்போது என்ன செய்தீர்கள்?

பார்த்திருக்கிறேன். தேவாங்கு. "போட்டோ இருந்தால் போடுங்கள்" என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் இந்தக் காலத்துப் பிள்ளையாக இருக்க வேண்டும். நான் சொல்வது 1994. எங்கள் ஊரில் கேமரா என்றால் கல்யாணத்துக்கு வரும் ஸ்டுடியோக்காரரிடம் மட்டும்தான் இருக்கும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முயல் பிடிப்பதும் 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்தான். அதை நியாயப்படுத்த இதை எழுதவில்லை. 1994-க்குப் பிறகு நான் வேட்டைக்குப் போனதும் இல்லை. பதிலைப் படிக்காமலே திட்ட வருகிறவர்கள் இதையாவது படித்துவிடுங்கள்.

எங்கள் ஊர் அய்யலூர் பக்கம், மலையடிவாரம். எனக்கு 13 வயது. அறுவடை முடிந்த காட்டில் (எங்கள் பக்கம் விவசாய நிலத்தைக் காடு என்போம்) தாய்மாமாவும் இன்னும் இரண்டு பேரும் இரவில் முயலுக்குப் போவார்கள். நெற்றியில் லைட், இடுப்பில் பேட்டரி, கையில் கம்பு. அன்று என்னையும் கூட்டிப்போனார்கள். முயலுக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் வெளிச்சம் பட்டால் பெரும்பாலும் ஒரு கண்தான் மின்னும், அதுவும் தரையை ஒட்டி. இது மாமா சொல்லிக்கொடுத்த முதல் பாடம்.

மாமாவின் காட்டு ஓரத்தில் நீளமாகக் கிளுவை மரங்களை நெருக்கி வளர்த்த உயிர்வேலி. அதில் என் நெஞ்சு உயரத்தில் இரண்டு கண்கள் ஒன்றாக மின்னின. அணைகிற தணல் மாதிரி நிறம். எனக்குக் கால் ஓடவில்லை. மாமா ஓங்கிய கம்பை அப்படியே நிறுத்தினார்.

ஒரு கைக்குள் அடங்கும் உடம்பு, குச்சிக் கை கால், வால் கிடையாது. முகத்தில் பாதி கண். கிளையைக் குழந்தை விரலைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தது. ஓடவில்லை. ஒரு கையை எடுத்து அடுத்த கிளையைப் பற்றி, அப்புறம்தான் அடுத்த காலை எடுத்து வைத்தது. வயிற்றில் ஒரு குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது.

கூட வந்தவர் பிடிக்கலாம் என்றார். மந்திரம், தாயத்து என்று அதன் எலும்புக்கும் முடிக்கும் விலை கொடுக்க அப்போது ஆள் இருந்தார்கள். மாமா, "பிள்ளையக் கட்டிக்கிட்டு நிக்குது, போகட்டும். மாப்ள, லைட்ட அமத்து" என்றார். அமத்தினேன். இருட்டில் நாலு பேரும் நின்றோம். கொஞ்ச நேரத்தில் அது பூச்சியைக் கடித்து மெல்லும் சத்தம் கேட்டது. பயிருக்கு வரும் பூச்சியைத் தின்று காட்டைக் காக்கிற சீவன் என்று மாமா சொல்லித்தான் தெரியும்.

(அதே மாமாவின் கடலைக் காட்டில் இன்று மயில் கூட்டமாக இறங்கி விதையைக் கொத்தி எடுக்கிறது. விரட்டலாம், வேறு எதுவும் செய்யக்கூடாது. சரி, நஷ்டத்துக்காவது ஏதாவது கொடுங்கள் என்று மனுவோடு அலைந்து அவருக்குச் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். மரத்தடியில் நின்று மயிலை ரசித்துப் படம் போடுகிறவர்கள் அந்த வயலுக்கு ஒரு நாள் வந்து பார்க்க வேண்டும்.)

இனிமேல் சொல்வதுதான் எனக்குக் கஷ்டம். நான் அப்போது ஒல்லி, கண் பெரிசு. பள்ளியில் ஒரு வாத்தியார் என்னைத் தேவாங்கு என்றுதான் கூப்பிடுவார். வகுப்பே சிரிக்கும். மறுநாள் காலை என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "நான் நிஜத் தேவாங்கைப் பார்த்தேன், நீங்க சொல்ற மாதிரி அசிங்கமா இல்ல, அவ்வளவு அழகு" என்று எல்லோரிடமும் சொன்னேன். எங்கே என்று கேட்டார்கள். வேலி, புளியமரம், பாதை எல்லாம் சொன்னேன்.

நாலாம் நாள் டீக்கடை வாசலில் ஒரு கோழிக்கூண்டில் அது உட்கார்ந்திருந்தது. பட்டப்பகலில், கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு. குட்டி இல்லை. யாரோ வாழைப்பழம் போட்டிருந்தார்கள், தொடவே இல்லை. மாமாவைக் கூட்டிவர ஓடினேன். நாங்கள் திரும்பி வருவதற்குள் கூண்டு இல்லை. வித்துவிட்டதாகச் சொன்னார்கள். மாமா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"ஊர்க்காரன்தான் எல்லாவற்றையும் அழித்தான்" என்று இங்கே சிலர் எழுதும்போது எனக்குக் கோபம் வரும். கம்பை நிறுத்தியவரும் ஊர்க்காரர்தான். ஆனால் வேறு யாரையும் கைகாட்டும் தகுதி எனக்கு இல்லை என்பதும் தெரியும். இடத்தைச் சொன்னது என் வாய்.

2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அரசு அறிவித்தது. தேவாங்குக்கென்று நாட்டிலேயே முதல் சரணாலயம். செய்தியைப் படித்ததும் மாமாவுக்கு போன் செய்தேன். முழுசும் கேட்டுவிட்டு, "நம்ம வேலி அதுக்குள்ள வருதா மாப்ள?" என்றார்.

"வராது மாமா, அது காப்புக்காடு மட்டும்தான். நம்மது பட்டா."

சுற்றியுள்ள காடுகளில் எல்லோரும் கிளுவையை வெட்டிவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டிவிட்டார்கள். மாமா இன்னும் வெட்டவில்லை. போன மழைக்கு, வேலியில் இடைவெளி விழுந்த இடங்களில் புதுக் கிளுவைக் குச்சிகளை ஊன்றியிருக்கிறார்.