ஈசோக் என்றால் அசோக் இல்லை, தம்பி

மலேசியாவில் கெடா மாநிலத்துப் பீடோங் பக்கம் மேற்படிப்புக்கு வருகிறேன், தமிழும் இங்கிலீஷும் போதுமா, வாடகை எவ்வளவு, வெயில் எப்படி என்று கேட்டிருந்தீர்கள் தம்பி. வெயில் மதுரையைவிடப் பரவாயில்லை. வாடகையை வந்து பார்த்துப் பேசிக்கொள்ளுங்கள்.

வகுப்புக்குள் இங்கிலீஷ் போதும். கேட்டைத் தாண்டினால் மலாய் வேண்டும். 2003இல் சமையல் வேலைக்கு வந்த புதிதில், பெர்மிட் விஷயமாக ஓர் அலுவலகம் போனேன். கவுண்டரில் இருந்தவர் பாரத்தைத் திருப்பித் தள்ளி, "ஈசோக் டாத்தாங்" என்றார். அசோக் என்று நம்மாள் யாரோ வந்து கவனிப்பார் போல என்று சாயங்காலம்வரை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். கூட்ட வந்த அம்மா இங்கே ரப்பர் தோட்டத்தில் பிறந்த தமிழர். "ஈசோக்னா நாளைக்கு, டாத்தாங்னா வா, தம்பி. பசியாறக்கூட இல்லியா?" என்றார்.

இப்போது சொந்தச் சாப்பாட்டுக் கடை. செமெலிங்கில் இருக்கும் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகப் பிள்ளைகள் வருவார்கள். என்னிடம் "தே ஓ ஐஸ், குராங் மானிஸ்" (பால் இல்லாத ஐஸ் டீ, இனிப்பு கம்மி) என்று மலாய், பக்கத்துச் சீனத் தோழியிடம் இங்கிலீஷ். வீட்டிலிருந்து போன் வந்தால் சிலர் எழுந்து வெளியே போய்த் தொண்டைக்குள் தமிழ் பேசுவார்கள். தோட்டத்துப் பிள்ளை என்று தெரிந்துவிடுமாம்! தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் படித்ததுகள் வேண்டுமென்றே சத்தமாகப் பேசும். இடைநிலைப்பள்ளியில் பெரும்பாலும் மலாய்தான். மலாயில் தேறாவிட்டால் எஸ்.பி.எம். என்ற பள்ளியிறுதிச் சான்றிதழே கிடையாது. "மலாய் பரீட்சைக்கு, இங்கிலீஷ் இண்டர்வியூவுக்கு, தமிழ் திட்டுறதுக்கு அண்ணே" என்றான் ஒருத்தன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வருவது ஊரிலிருந்து வரும் நம்மவர்களைப் பார்த்துத்தான். இங்கத்துத் தமிழர்கள் ரப்பர் மரத்தைக் 'கித்தா மரம்' என்றால் நம்மவர்கள் சிரிப்பார்கள், திருத்துவார்கள். அது 'கெத்தா' என்ற மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது, சரி. நாம் சொல்லும் ரப்பர் மட்டும் சங்கத் தமிழா? நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

அப்புறம், புத்தக மலாய் படித்துவிட்டு வந்தாலும் கெடாவில் தடுமாறுவீர்கள். 'நீ' என்பதற்கான 'அவாக்' இங்கே 'ஹாங்', 'போ' என்பதற்கான 'பெர்கி' வெறும் 'பீ'. எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு சீன மளிகைக்கடைக்காரர். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற தமிழர்களுக்குக் கடன் கொடுத்துக் கொடுத்தே தமிழ் பழகியவர். மீதிச் சில்லறையைத் தமிழில்தான் எண்ணித் தருவார். கடன் நோட்டில் மட்டும் சீன எழுத்து. பாக்கியை அடைத்த அன்று, என் பெயரை எப்படி எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். 'நீலச் சட்டை' என்று இருந்ததாம். அப்போது என்னிடம் இருந்ததே அந்த ஒரு சட்டைதான்.