குண்டு விழாமலே வற்றும் குழாய்

கேள்வி: போர் என்றால் மின்சாரமும் தண்ணீரும் தடைபடத்தான் செய்யும். நீரேற்று நிலையத்தைக் குண்டு வீசித் தகர்த்தால் அதைக் குற்றம் எனலாம். தண்ணீர் வரவில்லை என்பதையே போர்க்குற்றம் என்று பேசுவது மிகையல்லவா? லாரியில் அனுப்பிச் சமாளிக்கலாமே?

பதில்: தகர்ப்பது மட்டுமே குற்றம் என்று சட்டம் சொல்லவில்லை. போர்க்கால விதிகளான ஜெனீவா உடன்படிக்கைகளோடு 1977-இல் சேர்க்கப்பட்ட முதல் கூடுதல் நெறிமுறையின் 54-ஆவது பிரிவு, குடிநீர் நிலையங்களைத் தாக்குவதோடு, பொதுமக்களுக்குப் பயன்படக்கூடாது என்ற நோக்கத்தில் அவற்றைச் செயலிழக்கச் செய்வதையும் சேர்த்தே தடை செய்கிறது. ஒரு நகரத்தைத் தவிக்கவிட வெடிமருந்து தேவையில்லை, ஒரு சுவிட்சே போதும் என்பது அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வடகிழக்குச் சிரியாவின் ஹசக்கா நகரத்தைப் பாருங்கள். அந்நகருக்கும் சுற்றுப்புற ஊர்களுக்கும் முகாம்களுக்குமாக ஏறத்தாழ 4,60,000 பேருக்குக் குடிநீர் தந்தது ராஸ் அல்-அய்ன் அருகிலுள்ள அலூக் நீரேற்று நிலையம். 2019 அக்டோபரில் துருக்கியும் அதன் ஆதரவுபெற்ற சிரியப் படைகளும் அப்பகுதியைக் கைப்பற்றின. நிலையம் ஒரு தரப்பிடம் போயிற்று. அதை இயக்கும் மின்சாரமோ குர்தியர் தலைமையிலான நிர்வாகத்தின் பகுதியிலிருந்து வர வேண்டியிருந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் அலூக் எத்தனையோ முறை நின்றது. மின்சாரம் தரவில்லை என்றது ஒரு தரப்பு. மோட்டாரை வேண்டுமென்றே நிறுத்தினார்கள் என்றது மற்றது. போதாக்குறைக்கு, 2023 அக்டோபரிலும் 2024 ஜனவரியிலும் துருக்கியின் வான்தாக்குதல்கள் அவ்வட்டாரத்தின் மின்கட்டமைப்பையே சிதைத்தன. இரு தரப்பும் கைவைத்துப் பேரம் பேசியது கிணற்றின்மீதல்ல, அந்த நான்கரை லட்சம் பேரின் அன்றாடத்தின்மீது.

இனி உங்கள் லாரிக்கு வருவோம். நெருக்கடிக் காலத்தில் ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் வேண்டும் என்பது நிவாரண அமைப்புகள் பின்பற்றும் அளவு. அந்தக் கணக்கில் மேற்சொன்ன மக்களுக்கு மட்டும் தினமும் 69 லட்சம் லிட்டர் தேவை. 10,000 லிட்டர் லாரியானால் 690 நடை. அதற்கு டீசலும் திறந்த சாலையும் வேண்டும். நிரப்பிக்கொள்ள நல்ல நீருள்ள கிணறும் வேண்டும். ஹசக்கா நகரின் நிலத்தடி நீரோ உப்புக் கரிப்பது. காசுள்ளவர் விலைக்கு வாங்குவார். இல்லாதவர் கிடைத்ததைக் குடிப்பார். அப்படிக் குடிப்பதன் விளைவை யூனிசெஃப் 2019-இல் கணக்கிட்டது: நீடித்த போர்களில் சிக்கிய 16 நாடுகளை ஆராய்ந்தபோது, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் நேரடி வன்முறையால் இறப்பதைவிட, அசுத்த நீர் சார்ந்த வயிற்றுப்போக்கால் இறக்கும் வாய்ப்பு 20 மடங்குக்கும் அதிகம் என்று தெரியவந்தது. தொலைக்காட்சியில் நாம் எண்ணிக்கொண்டிருப்பது குண்டுகளை மட்டுமே.

காசாவிலும் இதே கதைதான், இன்னும் வெளிப்படையாக. 2025 மார்ச் மாதம் இஸ்ரேல் அமைச்சர் ஒருவர் ஆணையில் கையெழுத்திட்டு, டெய்ர் அல்-பலாஹ் அருகிலுள்ள கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்குச் சென்ற மின்சாரத்தை நிறுத்தினார். நாளொன்றுக்குச் சுமார் 18,000 கன மீட்டர் தந்த ஆலை, ஜெனரேட்டரை நம்பி 2,500 அளவுக்குச் சரிந்தது. ஆலையின்மீது அன்று ஒரு கல்கூட விழவில்லை.

தண்ணீர் நின்ற ஒவ்வொரு நாளும் போர்க்குற்ற நாள் என்று நான் வாதிடவில்லை. சண்டையின் நடுவே குழாய் உடையலாம். பழுது பார்ப்பவர் உள்ளே போக முடியாமல் போகலாம். எதிரிப் படையும் அதே நீரைக் குடிக்கிறதே என்ற வாதத்துக்கும் 54-ஆவது பிரிவு இடம் கொடுத்தே பேசுகிறது: படைக்கு மட்டுமே பயன்படும் நீரென்றால் விலக்கு உண்டு, படைக்கு வேறு வகையில் நேரடியாக உதவும் நிலையமென்றாலும், பொதுமக்கள் போதிய நீரின்றி வாடவோ ஊரைவிட்டு வெளியேறவோ நேருமென்றால் அதைத் தொடக்கூடாது. ஆகவே கேட்க வேண்டியது, நிறுத்தியவருக்கு விளைவு தெரியுமா, தெரிந்த பின்னும் திறக்க மறுத்தாரா என்பதே. காசா விவகாரத்தில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2024 நவம்பரில் இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகுவுக்கும் முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் கல்லண்டுக்கும் பிடியாணை பிறப்பித்தபோது, உணவோடு தண்ணீர், எரிபொருள், மின்சாரம் ஆகியவற்றை மறுத்ததையும் காரணமாகக் காட்டியது.

ஹசக்கா மக்களுக்கு அந்த வாசலும் இல்லை. சிரியாவும் துருக்கியும் அந்நீதிமன்றத்தில் உறுப்பு நாடுகள் அல்ல. நீங்கள் மிகை என்று அஞ்சும் வழக்கு, அவர்களுக்காக இதுவரை அங்கே தொடுக்கப்படவே இல்லை.