‘கிருமி இல்லை’ என்று வந்தால் மாத்திரையை விட்டுவிடலாமா?

கேள்வி: கணவருக்கு ஆறு வருடமாக எச்.ஐ.வி. மாத்திரை. எச்.ஐ.வி. மருந்து தரும் கடலூர் ஏஆர்டி மையத்தில் எடுத்த வைரல் லோடு பேப்பரில் ‘டார்கெட் நாட் டிடெக்டட்’ என்று வந்தது. குணமாகிவிட்டது, மாத்திரை எதற்கு என்கிறார். வெளியே ஒரு லேபில் பார்த்தால் ‘பாசிட்டிவ்’ என்கிறார்கள். எதை நம்புவது?
– வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: இரண்டையும் நம்பலாம். லேபில் பார்த்தது கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கிய ஆன்டிபாடியை. அது போகாது, எத்தனை முறை எடுத்தாலும் பாசிட்டிவ்தான். அந்தக் காசு வீண். வைரல் லோடு, ரத்தத்தில் ஓடும் கிருமியை எண்ணுகிறது. மெஷினுக்கு எட்டாத அளவுக்குக் குறைந்தால் ‘நாட் டிடெக்டட்’. ஆனால் சிடி4 என்கிற நோய் எதிர்ப்பு வெள்ளை அணுக்கள் சிலவற்றுக்குள் கிருமி தூங்கிக்கொண்டிருக்கும். அங்கே மாத்திரை எட்டாது. நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலேயே எண்ணிக்கை ஏறிவிடும்.

இன்னொரு குழப்பம்: வைரல் லோடு இறங்க வேண்டும், சிடி4 ஏற வேண்டும். சிடி4 700 என்று பார்த்துப் பயந்துபோகிறவர்கள் உண்டு. அது நல்ல சேதி!

மாத்திரையை விடாமல், வைரல் லோடு ஒரு மில்லி ரத்தத்துக்கு 200-க்குக் கீழேயே நிலைத்திருந்தால், உடலுறவு வழியாக உங்களுக்குத் தொற்றாது. மற்ற பால்வினை நோய்களுக்கு ஆணுறைதான் காவல்.

கேள்வி: கடலுக்குப் போனால் நாலு நாள் ஆகும். ராத்திரி மாத்திரை தவறிப்போகிறது. நெஞ்செரிச்சலுக்கு ஜெலுசில் குடிக்கிறேன். ஆகாதா?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: ராத்திரிதான் என்று யார் சொன்னது? பழைய எஃபாவிரென்ஸ் மாத்திரை தலைசுற்ற வைக்கும் என்பதால் படுக்கும்போது போடச் சொன்னார்கள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. இப்போது பெரும்பாலும் தருவது டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் சேர்ந்த ஒரே மாத்திரை. காலையிலும் போடலாம், சாப்பிட்டோ சாப்பிடாமலோ. நேரம் மட்டும் தினமும் ஒன்றாக இருக்கட்டும். தவறினால் நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளைக்கு நாலு மணி நேரம்கூட இல்லையென்றால் விட்டுவிடுங்கள். இரண்டாகப் போடக்கூடாது.

சிக்கல் ஜெலுசிலில்தான். அதிலுள்ள அலுமினியமும் மெக்னீசியமும் டோலுடெக்ராவிரைப் பிடித்துக்கொள்ளும். மருந்து ரத்தத்தில் சேராது. மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஜெலுசில். முதலில் ஜெலுசில் குடித்துவிட்டால் ஆறு மணி நேரம் பொறுங்கள். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைக்கும் இதே கணக்கு. ஆனால் இந்த இரண்டையும் சாப்பாட்டோடு என்றால் எச்.ஐ.வி. மாத்திரையுடன் சேர்த்தே போடலாம்; ஜெலுசிலுக்கு அது பொருந்தாது.

படகுக்கு மாத்திரையைப் பாலிதீன் பையில் கொட்டி எடுத்துப் போகாதீர்கள், ஈரம் பிடிக்கும். டப்பாவும் உள்ளே கிடக்கும் சிலிக்கா பொட்டலமும் அதற்குத்தான். பெயர் தெரியக்கூடாதென்றால் லேபிளைக் கிழித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சேதராப்பட்டில் கம்பெனி வேலை. முதலாளியிடம் சொல்லியாக வேண்டுமா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: வேண்டாம். 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி, தொற்று இருப்பதை உங்களைச் சொல்ல வைக்க அவருக்கு உரிமையில்லை. சந்தேகமிருந்தால் 1097 எய்ட்ஸ் உதவி எண்ணுக்குப் பேசுங்கள்; கட்டணம் கிடையாது.