நீலியும் பிக்ஃபுட்டும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

2004-ல் மலையாள ஏஷியாநெட்டில் வந்த, மந்திரம் தெரிந்த பாதிரியார் கதையான ‘கடமற்றத்து கத்தனார்’ தொடரை யூடியூபில் தேடிப் பிடித்து என் மகனுக்குப் போட்டுக் காட்டினேன். அதில் பேயாக வரும் யட்சி நீலியைக் கண்டதும் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கும் கிராபிக்ஸ் பல்லிளித்தது. இதைப் பார்த்தா அன்று போர்வைக்குள் சுருண்டு கிடந்தோம்? உங்கள் காலத்து மர்ம நிகழ்ச்சிகளை இப்போது பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

டி., குழித்துறை

அன்புள்ள தம்பி,

பையன் சிரிக்கட்டும். நாம் மட்டும் கிராபிக்ஸுக்கா பயந்தோம்?

எண்பதுகளில், துபாயிலிருந்து லீவுக்கு வந்த பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு டெக்கும் பை நிறைய கேசட்டும் கொண்டுவந்தார். அதில் ஒன்று ஆர்தர் சி. கிளார்க் வழங்கிய மர்ம உலகத் தொடர். 1980-ல் பிரிட்டனில் வந்தது, 13 பகுதிகள். மனிதர் நமக்கு அக்கரையில், இலங்கையில் இருந்துகொண்டு உலகத்து மர்மங்களைப் பேசுவார். இங்கிலீஷ் எங்களுக்குப் பாதிதான் புரியும். மீதியை அண்ணன் மலையாளத்தில் சொல்வார், சொந்தச் சரக்கும் சேர்த்து.

ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரியில் கழுத்தை நீட்டும் ஜந்துவை அப்போது நம்பினேன். அந்த 1934-ஆம் வருடப் புகைப்படம், பொம்மை நீர்மூழ்கியில் கழுத்தை ஒட்டிவைத்து எடுத்தது என்ற குட்டு 1994-ல்தான் உடைந்தது.

என்னை ஆட்டிவைத்தது பிக்ஃபுட்தான், அமெரிக்கக் காடுகளில் திரிவதாகச் சொல்லும் குரங்கு மனிதன். 1967 அக்டோபரில் வடக்கு கலிபோர்னியாவின் பிளஃப் கிரீக்கில் பேட்டர்சன், கிம்ளின் என்ற இருவர் எடுத்த படம். ஒரு நிமிடம்கூட ஓடாது. உடம்பெல்லாம் ரோமத்தோடு ஒரு பெண் உருவம் நடந்து போகும், நடுவில் ஒரு தடவை திரும்பிப் பார்க்கும். அந்த இடத்தில் அண்ணன் குரலைத் தாழ்த்தி, “சுண்ணாம்பு உண்டோ?” என்பார். ராத்திரியில் வழிப்போக்கனை மறித்து யட்சி கேட்கிற கேள்வி அது. அன்று ராத்திரி ரப்பர் தோட்டம் வழியாக வீட்டுக்கு வரும்போது நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.

இன்று யோசித்தால், பிக்ஃபுட்டுக்கு நம் மேல் ஒரு வருத்தமும் கிடையாது. அது பாட்டுக்குப் போகிறது. கேமராவைத் தூக்கிக்கொண்டு விரட்டுகிறவன் மனுஷன். நீலி அப்படியா? மடியில் படுத்துத் தூங்கினவள் தலையில், கட்டினவனே நகைக்காகக் கல்லைப் போட்டான். சாட்சி ஒரு கள்ளிச்செடி. தீராத வழக்கோடு வந்து நிற்கிறாள். கால்தடத்தை அளந்து அவளை நிரூபிக்க வேண்டுமென்று நம்மூரில் யாருக்கும் தோன்றியதில்லை.

தொடரில் அவளை அடக்குபவர் கத்தனார். ஆரல்வாய்மொழி தாண்டினால் முப்பந்தலில் அதே நீலி இசக்கியம்மை. கோயில் கொடைக்கு வில்லடித்துப் பாடுவது அவள் கதையைத்தான். அந்தப் பக்கம் யட்சி, இந்தப் பக்கம் அம்மை. எங்கள் பெரியம்மை அந்தத் தொடரை ஒரு நாள் விடாமல் பார்த்தவள். நீலியை அடக்குகிற கட்டம் வந்த அன்று மட்டும், “எங்க அம்மையை அடக்க இவன் யாருலே?” என்று எழுந்துபோய் விளக்குப் பொருத்திவிட்டு வந்தாள். மறுநாள் அதே நேரத்துக்கு டிவி முன்னால் உட்கார்ந்தாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

உங்கள் கடிதம் வந்த பிறகு அந்த பிக்ஃபுட் படத்தை நானும் தேடிப் பார்த்தேன். உருவம் நடந்தது, திரும்பியது, போய்விட்டது. படத்துக்கு ஒலியே கிடையாது தம்பி. இரண்டாவது தடவை ஓடவிட்டேன். அது திரும்பிய இடத்தில் என் வாய்தான் சுண்ணாம்பு கேட்டது.